புஸ்ஸு வால்வும் வேலுச்சாமி அண்ணன் மாடும்

டர்போ காருக்குப் புளோ-ஆஃப் வால்வு மாட்டுறதுங்கிறது, காத்த வெளிய விட்டுட்டு அதுக்குக் கூலியும் கேக்குற தொழில். எங்க பக்கம் அந்தப் பேரச் சொன்னா யாருக்கும் தெரியாது. "புஸ்ஸு வால்வு மாட்டுவீகளா?"ன்னுதான் வருவாக. தையக்கடை, சலூனு, பிரியாணிக் கடைன்னு எதையாச்சும் ஒன்னத் தொறந்து வச்சுக்கிட்டு, தெனமும் கஸ்டமர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிற என் சக பாவிகளா, செத்த இப்படி உக்காந்து என் பாட்டையும் கேளுங்க.

சங்கதி ரொம்பச் சின்னது. டர்போன்னு ஒன்னு எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி அமுக்கித் தள்ளும். நீங்க ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்ததும் எஞ்சினு வாசலச் சாத்திரும். தள்ளிக்கிட்டு வந்த காத்து எங்கன போகும்? அதுக்கு வழி விடுறதுதான் வால்வு. பெட்ரோல் டர்போ காருக்குக் கம்பெனிக்காரனே பெரும்பாலும் ஒன்னு வச்சுத்தான் அனுப்புறான். அது காத்த வந்த குழாய்க்கே திருப்பி விடும், சத்தம் வராது. வண்டிக்கு அதுதான் நல்லது. அதக் கழட்டிப் போட்டுட்டு, காத்த வெளிய துப்புற மாதிரி ஒன்ன மாட்டினா 'புஸ்ஸு'ன்னு சத்தம் வரும். அந்த ஒரு புஸ்ஸுக்குத்தான் சனம் இந்தப் பாடு படுது.

என் ஒர்க்‌ஷாப்பு ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் போற ரோட்டு மேல. கொட்டகை வேலுச்சாமி அண்ணனோடது. நெல்லும் மிளகாயும் போடுற சம்சாரி. கொட்டகைக்குப் பின்னாலயே அவரு மாட்டுத்தொழுவம். புஸ்ஸுன்னா மாடு மெரளுது, மெரண்டா பால் விடமாட்டேங்குதுன்னு அவருக்கு என் மேல தீராத கோவம். ஒரு நாள் பால் செம்போடயே வந்து நின்னாரு. செம்பு பாதிதான் இருந்துச்சு. "ஏலே பாண்டி, கடைசியாச் சொல்றேன். இன்னொருக்க அந்தச் சத்தம் இங்கன கேட்டுச்சு, கொட்டகையக் காலி பண்ணிட்டுப் போயிக்கிட்டே இரு."

காருக்கு அடியில எறங்கி வேல பாக்குற குழி, நானே வெட்டி நானே சிமிண்டு பூசினது. பரமக்குடில இருந்து பாம்பன் வரைக்கும் வண்டி வச்சிருக்கவனுக்கு அந்தக் கொட்டகதான் என் முகவரி. அத விட்டா எனக்குப் போக்கிடம் கிடையாது. அன்னையில இருந்து வால்வு மாட்டினா வண்டிய உருட்டாத குறையா வெளிய கொண்டாந்து, உச்சிப்புளி தாண்டிப் போய்த்தான் சத்தம் வருதான்னு பாப்பேன். ஒரு மாட்டுக்குப் பயந்து அத்தனை தூரம் பெட்ரோல் செலவழிச்ச மெக்கானிக் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்.

டர்போவ எங்கன காணோம்

அக்காள்மடத்துல இருந்து ஒரு தம்பி வந்தாரு. கார் பளபளன்னு இருந்துச்சு. பின்னாடி 'டர்போ'ன்னு செவப்பு எழுத்துல ஸ்டிக்கரு. பானெட்டத் தொறந்தேன். இடது பக்கம் பாத்தேன், வலது பக்கம் பாத்தேன், டார்ச் அடிச்சுக் குனிஞ்சும் பாத்தேன். டர்போ இருந்தாத்தான தட்டுப்படும்? சாதா எஞ்சினு. அமுக்குன காத்தே இல்லாத வண்டிக்கு எந்தக் காத்த வெளிய விடுறது?

தம்பிக்கிட்ட எடுத்துச் சொன்னேன். படம் போட்டும் காட்டினேன். அவரு ரொம்ப அமைதியா, பள்ளிக்கூடத்துல கேக்குற மாதிரி கைகட்டிக் கேட்டாரு. புரிஞ்சிருச்சுன்னு நானும் சந்தோசப்பட்டேன். கடைசில சொன்னாரு: "சரிண்ணே, அப்ப டர்போவையும் ஒன்னு சேத்து மாட்டிவிட்ருங்க. எப்படியும் பானெட்டத் தொறந்துட்டீங்கள்ல."

காது கேக்காத முதலாளி

தங்கச்சிமடத்துல விசைப்படகு வச்சிருக்கிற அந்தோணி அண்ணன் டீசல் ஜீப்பு கொண்டாந்தாரு. டர்போ உண்டு. ஆனா டீசல் எஞ்சினுல பெட்ரோல் மாதிரி, கால எடுத்ததும் வாசலச் சாத்துற வேல கிடையாது. அதனால வால்வ மாட்டினாலும் அது பாட்டுக்குச் சாமி மாதிரி உக்காந்திருக்கும், வாயத் தொறக்காது. அதத் தொறக்க வைக்கணும்னா மிதிகட்டைல ஒரு சுவிச்சு, அதுக்கு ஒரு ஒயரு, அந்த ஒயருக்கு ஒரு டப்பான்னு தனியா ஒரு குடும்பமே நடத்தணும்.

வேணாம்ணே, வண்டிக்கு இதனால காக்காசு பிரயோசனம் கிடையாதுன்னு சொன்னேன். அவரு "என்ன?"ன்னாரு. கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். மறுபடியும் "என்ன?"ன்னாரு. தொண்ட கிழியக் கத்தினேன். பின்னால தொழுவத்துல மாடு ஒரு குரல் குடுத்துச்சு, நான் வாயப் பொத்திக்கிட்டேன். ஒங்களுக்கே காது இந்த லட்சணத்துல இருக்கே, புஸ்ஸு சத்தம் எதுக்குண்ணேன்னு சைகையோட கேட்டேன். அவருக்கு இப்பப் புரிஞ்சிருச்சு: "படகு எஞ்சினுக்குப் பக்கத்துலயே நின்னு என் காது போயி வருசமாச்சு தம்பி. எனக்கு எதுக்குக் கேக்கணும்? பின்னால வர்றவனுக்குக் கேட்டாப் போதும்."

மணலு குடிச்ச வண்டி

வால்வுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கு இருக்கு. மொத்த வித்தையும் அதுலதான். ரொம்ப இறுக்கமா இருந்தா வால்வு தொறக்காது. ரொம்ப லூசா இருந்தா வண்டி சும்மா நிக்கும்போதே தொறந்துக்கிட்டு, எஞ்சினு அந்த ஓட்ட வழியா வெளிக்காத்த உறிஞ்சும். அந்தக் காத்து ஏர் ஃபில்டரப் பாக்காம நேரா உள்ள போகும். ராமேஸ்வரத்துல லாட்ஜ் வச்சிருக்கிற ஒருத்தருக்கு அளவு பாத்து, இறுக்கம் பாத்து மாட்டி அனுப்பினேன். மெதுவாப் போனாச் சத்தம் பத்தலைன்னு அவரே ஏதோ வீடியோவப் பாத்து, ஸ்குரூவத் திருகி ஸ்பிரிங்க லூசாக்கிட்டாரு. அப்பறம் வீட்டாளுகள ஏத்திக்கிட்டு நேரா தனுஷ்கோடி. எல்லாரும் எறங்கிப் போட்டோ எடுத்திருக்காக. இவரு ஏசிக்காக வண்டிய ஓடவிட்டுட்டு உள்ளயே உக்காந்திருக்காரு. அந்தக் காத்துல என்ன வரும்னு எங்க பக்கத்து ஆளுகளுக்கு நான் சொல்லணுமா?

வண்டியக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்து சேத்தாக. வால்வக் கழட்டிக் கவுத்தா, கடலை வறுக்கிற அளவுக்கு மணலு. வயித்தெரிச்சல்ல கையில இருந்த ஸ்பேனரக் கீழ போட்டுட்டேன். அவரு அந்த மணலப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. தப்பு யாரு மேலங்கிறத முடிவு பண்ணிட்டாரு: "காத்து வெளிய போற ஓட்டைன்னுதான சொன்னீங்க. உள்ள வரும்னு ஒரு வார்த்த சொல்லவே இல்லையே."

கீழக்கரை அக்கா

சில வண்டிக உள்ள போற காத்த அளந்து, அதுக்குத் தக்கன பெட்ரோல் ஊத்தும். அளந்த காத்தப் பாதி வழில வெளிய துப்புனா கணக்குப் பெசகி, பெட்ரோல் கூடுதலாப் போயி, கரும்புகையக் கக்கிக்கிட்டு வண்டி நின்னுரும். கீழக்கரைல இருந்து வந்த அக்கா வண்டிக்கு அதான் கதி. அவுக வீட்டுக்காரரு, அந்தப் பக்கத்து வழக்கப்படி அவுக மச்சான், வேற எங்கயோ மாட்டிட்டு வந்திருக்காரு. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் வண்டி நிக்குது, பின்னால ஆரன் அடிக்கிறாக, திட்டு மட்டும் அந்த அக்காவுக்கு.

புஸ்ஸக் கழட்டிட்டுப் பழைய வால்வையே போட்டேன். வண்டி பதறாம ஓடுச்சு. சத்தம் போடாத வால்வு வேணும்னு என் வாழ்க்கைல கேட்ட ஒரே ஆளு அவுகதான், கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்துச்சு. கழட்டின வால்வ என்னக்கா செய்யன்னு கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்ல: "எங்க மச்சானுக்கு மாட்டிவிடுங்க தம்பி. அங்கனதான் காத்து அடைச்சிக்கிட்டுக் கெடக்கு."

மாட்டுக்குப் பத்திரிக்கை இல்லை

ஒரு நாள் காலையில வேலுச்சாமி அண்ணன் கொட்டகைக்குள்ள வந்தாரு. கையில செம்பு இல்ல, பத்திரிக்கை இருந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்து வந்த அவரு மகனுக்குக் கல்யாணம். மகன் புதுசா டர்போ பெட்ரோல் கார் எடுத்திருக்காப்ல. அதுலதான் மாப்பிள்ளை ஊர்வலம். பொண்ணு வீடு முதுகுளத்தூர் பக்கம். மாப்பிள்ளை கார் பாம்பு மாதிரி சீறும்னு யாரோ சொந்தக்காரன் அங்க போயி அளந்து விட்டுட்டான். சம்பந்தி ஊரு பூராச் சொல்லி வச்சுட்டாரு. இப்ப சீறலைன்னா மானம் போயிரும்.

"ஊர்வலத்துல அந்தச் சத்தம் வரணும். நல்லா வரணும்"னாரு. எந்தச் சத்தத்துக்கு என்னக் காலி பண்ணச் சொன்னாரோ அதே சத்தம். கேக்கலாமா வேணாமான்னு தயங்கி, கடைசில கேட்டே புட்டேன். "அண்ணே, அப்ப மாடு?" அவரு பத்திரிக்கைய என் கையில திணிச்சுட்டுத் திரும்பிப் பாக்காமச் சொன்னாரு: "மாட்டுக்கு என்னடா, அது கல்யாணத்துக்கா வருது?"

மாப்பிள்ளை ஊர்வலம்

இந்த ஒரு வேலைய நல்லாச் செஞ்சிட்டா கொட்டகை நமக்குத்தான்னு நெனச்சேன். அந்த வண்டிக்கு ஏத்த வால்வாப் பாத்து வரவழைச்சேன். ஸ்பிரிங்கு இறுக்கம் சரி, காத்துக் குழாய் எடுத்த இடம் சரி, ஒரு கசிவு கிடையாது. அண்ணனையும் அவரு மகனையும் ஏத்திக்கிட்டு உச்சிப்புளி ரோட்டுல வெரட்டிக் கால எடுத்தேன். அப்படி ஒரு புஸ்ஸு. அண்ணன் பின் சீட்டுல உக்காந்து, பேரன் பொறந்த மாதிரி சிரிச்சாரு. வெரட்டினாத்தான் வரும்ணேன்னு சொன்னேன். அதெல்லாம் மகன் வெரட்டுவான்னாரு.

ஊர்வலம் சாயந்தரம் பொண்ணு ஊர்ப் பிள்ளையார் கோயில்ல இருந்து கெளம்புச்சு. முன்னால கொட்டுக்காரக, அதுக்குப் பின்னால தட்டு ஏந்தின பொம்பளைக, அதுக்குப் பின்னால கார். ஊர்வலம் எந்த வேகத்துல போகும்? தட்டு தூக்கின அத்தைக நடக்குற வேகத்துலதான் போகும். டர்போ முழிக்கவே இல்ல. மாப்பிள்ளை கியர எடுத்துட்டு உறும விட்டுப் பாத்தாப்ல. எஞ்சினுதான் கத்துச்சு, புஸ்ஸு வரல. சம்பந்தி வந்து பானெட்டத் தட்டிப் பாத்தாரு. "என்ன சம்பந்தி, பாம்பு படுத்திருச்சா?"ன்னாரு. சுத்தி நின்ன சனம் பூராச் சிரிச்சுச்சு. அண்ணன் மொகத்துல ஈயாடல.

என்னக் கையப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போனாரு. எதையாச்சும் செய்யிடான்னாரு. கொட்டுக்காரகளும் பொம்பளைகளும் செத்த ஒதுங்கினா, கண்மாக்கரை வரைக்கும் வெரட்டிட்டுத் திரும்பி வந்துறலாம்ணேன். மனுசன் நெசமாவே போயி ஒதுங்கச் சொன்னாரு. பொண்ணோட அத்தை தட்ட இடுப்புல எறக்கி வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னுருச்சு: "ஏன், கல்யாணத்தன்னைக்கே மாப்பிள்ளை தனியா ஓடிப்போகப் பாக்குறாரா?"

சாவி

கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நான் கொட்டகையத் தொறக்கும்போதே அண்ணன் வாசல்ல நின்னாரு. கண்ணு செவந்திருந்துச்சு, தூங்கல போல. அண்ணே, வால்வு மேல குத்தமில்ல, ஊர்வலம் வேகமாப் போகலன்னேன். அவரு காதுல வாங்கல. நான் வெட்டின குழியக் கொஞ்ச நேரம் பாத்தாரு. பின்னால மாடு அது பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு. நான் அழுதே புட்டேன். அவரு கைய நீட்டிச் சொன்னாரு: "வேண்டாதப்பல்லாம் கத்துச்சு, பொறுத்துக்கிட்டேன். வேணுங்கிற அன்னைக்கு வாயத் தொறக்கல பாத்தியா, இனிப் பொறுக்க மாட்டேன். சாவியக் குடு."

இப்பப் பட்டணங்காத்தான் பக்கம் ஒரு தகரக் கொட்டகைல புதுசாக் குழி வெட்டிக்கிட்டு இருக்கேன், சுத்துவட்டாரத்துல ஒத்த மாடு கிடையாது, ஆனா எதிர்த்தாப்புல ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கிட்டு இருக்கு.