ராகி முளைத்த தண்டவாளம்

தண்டவாளத்தின் நடுவே ராகி முளைத்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

பீளமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் நான் ஒரு குட்டி ரயில் பாதை அமைத்துக்கொண்டிருந்தேன். கிணத்துக்கடவு ஸ்டேஷனும் அதைச் சுற்றிய தென்னந்தோப்பும், ஒரு கதவு அளவுப் பலகையில். அதில் நிற்கும் ஆட்கள் என் சுண்டுவிரலின் மேல் கணு உயரம்தான் இருப்பார்கள். ரயில் எனக்குப் பெரிய விஷயமில்லை, அதைக் கடையில் வாங்கிவிடலாம். அது ஓடுகிற ஊரைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனக்குப் பம்பு கம்பெனியில் வேலை என்பதால் கழித்துப்போட்ட வைண்டிங் கம்பிக்குப் பஞ்சமில்லை. அந்தச் செம்புக் கம்பியை முறுக்கித் தென்னை மரங்கள் செய்தேன். அதிலேயே மெல்லிசானதைப் பார்த்து எடுத்துப் பாதைக்கு மேலே மின்கம்பியாக இழுத்துக் கட்டினேன். தெர்மகோலை அறுத்து, பேப்பர் ஒட்டி, பிளாஸ்டர் பூசினால் குன்று. சாயம் போட்ட மரத்தூள்தான் புல். கிணத்துக்கடவிலிருந்தே செம்மண் அள்ளி வந்து மாவுச் சல்லடையில் சலித்தேன். அண்ணி ஒன்றும் சொல்லாமல் வேறு சல்லடை வாங்கிக்கொண்டார். தண்டவாளத்துக்கடியில் பொடி ஜல்லியைப் பரப்பி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்ட வேண்டும். பலமாக மூச்சு விட்டாலும் கலைந்துபோகும். வருஷக்கணக்கான என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பலகையில் இருந்தன.

எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றதைக்கூட ஒத்துக்கொண்ட வீடு, இதை மட்டும் ஒரு வேலையாக ஒத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், "எங்க அம்மிணி மேல பொம்மை வெச்சு வெளையாடிட்டு இருக்குதுங்க" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுப்பேன்.

அந்த அண்ணன்தான் எங்கள் பங்குக் கோயிலில் குடில் கமிட்டித் தலைவர். கிறிஸ்துமஸ் குடில் என்றால் அவருக்கு வெறி. பக்கத்துப் பங்கில் அருவி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வருஷம் சோறு இறங்காமல் திரிந்தவர். சென்ற டிசம்பரில் கம்பெனி வேலையாக நான் இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் திரும்பி வந்து மாடி ஏறினால், பலகை இருந்த மேசை வழித்துவிட்டது போலக் கிடந்தது. ரயில் பெட்டிகள் மட்டும் ஓரமாக ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தன. பின்னாலேயே வந்த அண்ணிதான் விஷயத்தைச் சொன்னார். நான் ஊருக்குப் போன மறுநாளே அண்ணன் ஆட்களைக் கூட்டி வந்து பலகையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்விட்டாராம். சும்மா கிடப்பதுதானே, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றாராம். நான் வாங்கியதைப் பத்திரமாக வைத்துவிட்டு, நான் செய்ததை எடுத்துப் போயிருக்கிறார். நான் கோயிலுக்கு ஓடினேன், அண்ணியும் கூடவே வந்தார்.

குடிலில் புல்லுக்கு ராகி தூவுவது எங்கள் வழக்கம். முன்கூட்டியே மண்ணில் தூவி இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்து வந்தால், பாலன் பிறக்கும்போது குடில் பச்சென்று இருக்கும். மண்ணில் தூவினால் சரி. அண்ணன் என் குன்றின் மேல் தூவியிருந்தார். என் பிளாட்பாரத்தில் தூவியிருந்தார். நான் ஒட்டிய புல் அவர் கண்ணுக்குப் புல்லாகவே படவில்லை. ஜல்லியைப் பிடித்திருந்த பசை கரைந்துவிட்டது. பலகை உப்பி, தண்டவாளம் நெளிந்து, அதன் நடுவே ராகி விரல் உயரம் நின்றது. மின்கம்பியில் ஜிகினா தொங்கியது. பாதைக்குக் குறுக்கே குடிலுக்கு வைக்கிற ஒரு சுரூப ஆடு, அதாவது பொம்மை ஆடு, அதன் காதே என் ஸ்டேஷன் மாஸ்டரைவிடப் பெரியது. பண்டிகை நாளில் கோயிலில் சண்டை வேண்டாம் என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்ததால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலைப் பூசை முடிவில் சாமியார் குடிலைப் புகழ்ந்தார். கிணத்துக்கடவு ஸ்டேஷனையே கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று அண்ணனைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். நான் இருந்த பக்கமும்தான்.

பூசை முடிந்ததும் நேராகக் குடிலுக்குப் போனேன். பாலனும் மாதாவும் சூசையப்பரும் தனி மேடையில் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே வைத்தேன். அண்ணன் ஓடி வந்தார்.

"மூணு ராசா திருநாள் வரைக்கும் உடு கண்ணு. சனம் பாக்க வருதல்ல?"

"பாலனைப் பாக்க வர்ற ராசாக்களுக்கு ரயிலு எதுக்குங்ண்ணா? அவங்களுக்குத்தான் ஒட்டகம் இருக்குதே."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ செஞ்சதுன்னு சாமியார்கிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன். வேலை மும்முரத்துல மறந்துபோட்டேன்."

"ரெண்டு வேளையும் தண்ணி ஊத்த மறக்கலீங்களே."

நான் பலகையின் ஒரு முனையைத் தூக்கினேன். மறுமுனைக்கு அவர் கை வந்தது, வேண்டாம் என்றேன். கூட்டத்திலிருந்து அண்ணி வந்து, தன் புருஷனைத் திரும்பியும் பார்க்காமல், அந்த முனையைப் பிடித்தார்.

கோயில் படியில் இறங்கும்போது பலகை சாய்ந்து, உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் என் புதுப் புடவையில் கொட்டியது. வெள்ளைப் புடவை, செம்மண் தண்ணீர். எத்தனை துவைத்தும் கறை போகவில்லை. எப்படிக் கறையாயிற்று என்று அண்ணன் ஒரு நாள் கேட்பார், அப்போது காட்டலாம் என்று பீரோவில் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று வரை கேட்கவில்லை. இந்த வருஷக் குடிலுக்கு அந்தத் தென்னை மரங்களை மட்டும் தர முடியுமா என்றுதான் கேட்டார்.