பன்னிரண்டாவது பெயர்

என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பேஸ்கட்பால் கோச் வேலையை விட்டபோது, முழங்கால் தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் நம்பினார், பிள்ளைகள் நம்பினார்கள். என் மனைவி மட்டும், "தேஞ்சது முழங்கால்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். ஏலத்தோட்டத்துக்கு நடுவில் கிடக்கிற ஒரு ஹைஸ்கூலின் பெண்கள் டீமை ஆறு தடவை மாநிலப் போட்டிக்குக் கொண்டுபோனவன் என்று மைக்கில் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் தெய்வம் என்றார் ஒருவர். மைக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. டீ குடித்தேன், வடையும் தின்றேன்.

விஷயம் இதுதான். ஒரு டீமுக்குப் பன்னிரண்டு பேர். கோர்ட்டில் ஐந்து பேர், மாற்றுக்கு நாலைந்து பேர். கடைசி ஆள் அநேகமாக பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காவல் காத்துவிட்டு வருவாள். ஆனால் மாநிலப் போட்டிக்குப் போன பன்னிரண்டு பேருக்கும் சர்டிபிகேட் உண்டு. அது இருந்தால் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க், பிளஸ் ஒன்னில் விளையாட்டுக் கோட்டா. பந்தைத் தொட்டாயா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் அங்கே வாத்தியார் இல்லை, பெற்றோர் சங்கம் வைத்த கோச். சங்கத் தலைவர் ஒரு எஸ்டேட் முதலாளி. எங்கள் மண் தரைக்கு சிமெண்ட் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். சிமெண்ட் போட்ட வருஷமே அவர் மகளைப் பன்னிரண்டாவதாக எழுதினேன். யாரும் மிரட்டவில்லை, நானாகத்தான் எழுதினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கிடந்தார்களே, அதற்கு முன்னால் ஒரு பெயர் பெரிதா என்று நினைத்தேன். அடுத்த வருஷம் வேறொரு பெரிய வீட்டுப் பிள்ளை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பட்டியல் அனுப்புகிற நேரம் வந்தால் ஹெட்மாஸ்டர், "மாஷே" என்று வாத்தியாரை மலையாளத்தில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுத் தோளில் கை போடுவார். எந்தப் பெயர் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு இரண்டு பெரிய வீடுகள் ஒரே சமயத்தில் கேட்டன. ஆடுகிற பிள்ளைகளில் இன்னும் ஒரு பெயரை எடுத்தாக வேண்டும். யாரை எடுத்தால் சத்தம் வராது என்று யோசித்தேன். இந்தப் புத்திக்குத்தான் பொன்னாடை.

சக்குபள்ளம் பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. அப்பா இல்லை, அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். விடிகாலைப் பனியில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு பயிற்சிக்கு வந்து நிற்பாள். ஆட்டத்தில் அவள் எனக்கு ஆறாவது ஆள். கேட்க நாதியில்லாதவர்களில் முதல் ஆள். கணக்குப் பாடம் அவளுக்குச் சுத்தமாக வராது. அந்த சர்டிபிகேட் இருந்தால்தான் டவுனில் ஹாஸ்டலோடு சீட், இல்லாவிட்டால் படிப்பு அதோடு சரி. இதை அவள் அம்மாவிடம் விளக்கிச் சொன்னவனே நான்தான். சீட் என் பொறுப்பு என்று வாக்கும் கொடுத்திருந்தேன்.

அவளைக் கூப்பிட்டு, உன் கை சரியில்லை, பெரிய மேட்சில் நடுங்கிவிடுவாய் என்றேன். பத்து பந்து கொடுத்தால் எட்டை ரிங்கில் போடுகிறவளிடம் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு நாக்கு கூசவில்லை. "சரி சார்" என்று சொல்லி, ஜெர்சியை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் லயத்துக்குப் போய் அவள் அம்மாவுக்கு ஆறுதலும் சொன்னேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலை. அந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான்.

அவளுக்கு சீட் கிடைக்கவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காய் தரம் பிரிக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகும் பட்டியல் எழுதத்தான் செய்தேன். பேனாவை எடுத்தால் அந்த "சரி சார்" காதில் விழும், விழுந்தாலும் எழுதினேன். இந்த வருஷம் முடியவில்லை, விலகிவிட்டேன். மனச்சாட்சி உள்ளவன் என்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமைகூட வந்தது, வெட்கங்கெட்ட பெருமை.

பொன்னாடை போர்த்திய மறுநாள் அந்த ஸ்டோருக்குப் போனேன். முறத்தில் காயைக் கொட்டி, வெடித்ததைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கைக்கு ஒரு குறையும் இல்லை, நான் சொன்னது பொய் என்றேன்.

"தெரியும் சார்," என்றாள். "அன்னைக்கு லிஸ்ட்ட ஜெராக்ஸ் எடுக்க கிளார்க் என்னையத்தான் கடைக்கு அனுப்புனாரு. காலையிலேயே பாத்துட்டேன். சாயங்காலம் நீங்க கூப்பிட்டப்ப, உண்மையச் சொல்லுவீங்கன்னுதான் வந்து நின்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். இனி அந்தப் பாவத்தைச் செய்யக்கூடாது என்றுதான் கோச் வேலையையே விட்டேன் என்றேன்.

"அப்ப இனிமே அப்படிப் பேரு எழுத மாட்டாங்களா?"

புதுக் கோச்சிடம் ஹெட்மாஸ்டர் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. எழுதுவார்கள் என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தங்கச்சி இந்த வருஷம் பத்தாவது சார். என் பேர எடுத்த வெக்கத்துக்காவது அவ பேர நீங்க எடுக்க மாட்டீங்கன்னு அம்மா தைரியமா இருந்துச்சு."

தங்கச்சியை எனக்குத் தெரியாதா என்ன? மூன்று வருஷமாக என் டீமில் இருக்கிறவள். பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதியபோது அவள் ஞாபகம் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.