தோற்கிற பக்கத்துக் கயிறு

போன சனிக்கிழமை என்னைப் பொம்பிளை பார்க்க வந்தார்கள். அதே நேரத்தில் நியூசிலாந்து ரக்பி அணிக்கு மேட்ச்.

இரண்டில் எதற்காக நெஞ்சு படபடத்தது என்று கேட்காதீர்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் கேட்கத் தேவையும் இல்லை.

நியூசிலாந்தில் இரவு விளையாடினால் நமக்கு அது மதியம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பார்த்த நல்ல நேரமும் மதியம். சாத்திரியார் பஞ்சாங்கத்தோடு மேட்ச் அட்டவணையையும் ஒருதரம் புரட்டியிருக்கக் கூடாதா?

சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் பெரியம்மா. மாப்பிள்ளை கட்டாரில் இஞ்சினியர். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பொருத்தம் பார்த்தாயிற்று; எல்லாம் சரி. ஒரு மாத லீவில் வந்திருக்கிறார். அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லேலாதா?"

"ஏங்கா, உனக்கென்ன விசரா? அந்தக் கறுப்புச் சட்டைக்காரனுகள் வந்தா உன்னைக் கட்டப் போறானுகள்?"

நியாயமான கேள்விதான். அதுவும் அவர்கள் இப்போது விளையாடுகிற லட்சணத்தில்...

ஒரு காலத்தில் இவர்கள் தோற்றால் அது செய்தி. உலகத்தில் யாரும் இவர்கள் முன்னால் நிம்மதியாக நின்றதில்லை. இப்போதோ, முந்தி இவர்களை ஒரு தடவைகூட வென்றிராத நாடுகள் எல்லாம் வீட்டுக்கே வந்து அடித்துவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் 'இனிமேல் பார்ப்பதில்லை' என்று சத்தியம் செய்கிறேன். அடுத்த சனிக்கிழமை பாசிக்குடா ஹோட்டலில் வேலைக்கு நடுவே, ரிசப்ஷன் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு நகத்தைக் கடிக்கிறேன்.

எப்படிப் பிடித்தது இந்த வியாதி? கம்பஸில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் சீருடை போட்ட முதல் ஆள் நான். அப்பா தன் பெயரை எழுதவே என்னிடம்தான் பழகினார். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் இறங்கிய முதல் கிழமை, ஹொஸ்டல் டிவி அறையில் கண்டிப் பிள்ளைகள் கூட்டமாக இருந்து ரக்பி பார்த்தார்கள். எனக்கு விளையாட்டும் தெரியாது, அவர்கள் பேசிய சிங்களமும் சரியாக வராது. பக்கத்தில் இருந்த டில்ஹானியிடம் தட்டுத் தடுமாறிக் கேட்டேன் — யார் வெல்வது?

"கறுப்பு. எப்பவும் கறுப்புத்தான்."

அப்படியென்றால் நானும் கறுப்பு என்றேன். அவ்வளவுதான் கதை. கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு டூப்ளிகேட் கறுப்புச் சட்டையும் வாங்கிவிட்டேன். அந்த வருசங்களில் எல்லாவற்றிலும் வெல்கிற பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மாமாவும் வந்து முன்அறையில் இருந்தார்கள். நான் குசினிக்குள் சேலையோடு நடந்துகொண்டிருந்தேன். அடுப்படிக்கும் கதவுக்கும், கதவுக்கும் அடுப்படிக்கும். மேட்ச் தொடங்கப் போகிற நேரம்; போனில் ஸ்கோர்ப் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. சிக்னல் இல்லை. பெரியம்மா தேத்தண்ணித் தட்டை என் கையில் வைத்து, போனைப் பறித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

தட்டை நீட்டும்போதுதான் கண்டேன். மாப்பிள்ளையும் மடியில் போனை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாகத் தெரிந்தாலும் எனக்குத் தெரியாதா? அதே ஸ்கோர்ப் பக்கம்!

"நீங்க... ரகர் பாப்பீங்களா?"

பெரியம்மாவின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை.

"பாப்பன்! நீங்களுமா?"

கிரான் சந்தியில் ஒரு பென்குயினைக் கண்ட மாதிரி இருந்தது எனக்கு. இந்த வட்டாரத்தில் ரக்பி பார்க்கிற இன்னொரு சீவன்! ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் சல்லடை போட்டாலும் ஒருவர் அகப்பட மாட்டார் என்றல்லவா இருந்தேன்? அந்த ஒரு நிமிசத்தில், உள்ளதைச் சொல்கிறேன், கலியாண வீட்டுப் பந்தல் வரைக்கும் போய்விட்டேன்.

அப்பாதான் சொன்னார்: "அப்ப டிவியப் போடுங்களன். ஆளை ஆள் பாத்துக்கொண்டு இரிக்கிற நேரம்."

போட்டோம். மேட்ச் தொடங்குமுன் கறுப்புச் சட்டைக்காரர்கள் வரிசையாக நின்று தொடையில் அறைந்து, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி ஆடினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் பின்னால் நகர்ந்து இருந்தார்.

"பயப்படாதீங்க மச்சாள்," என்றார் அம்மா. "ஆட்டம் நல்லாத்தான் ஆடுவாங்க. மறுகாதான் ஒண்டையும் காணக் கிடைக்காது."

மாப்பிள்ளை சிரித்தார். "நீங்க எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டார்.

"கறுப்பு."

"நானும் முந்தி கறுப்புத்தான். அப்ப எங்கட கொம்பனி போஸ் நியூசிலாந்துக்காரன். இப்ப வந்திரிக்கிற போஸ் மற்றப் பக்கம். அவங்கதானே இப்ப வெல்லுறாங்க? தோக்கிறவங்களோட நிண்டு என்ன பிரயோசனம், சொல்லுங்க?"

மற்றப் பக்கம் என்றால் பச்சைச் சட்டை. அந்த நாட்டின் பெயரை இங்கே எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

முதல் பாதி முழுவதும் பச்சை அடித்தது. "எங்கட ஆக்கள் இண்டைக்குச் சும்மா விடமாட்டாங்க," என்றார் மாப்பிள்ளை, அரியதரத்தைக் கடித்தபடி. நான் கதிரையின் நுனியில். பாதி நேரத்துக்குப் பிறகு என்ன நடந்ததோ, கறுப்பு எழும்பியது. கோட்டைத் தாண்டிப் பந்தை ஒரு தரம் வைத்தார்கள், இன்னொரு தரம் வைத்தார்கள், முன்னுக்கு வந்துவிட்டார்கள்! மாப்பிள்ளை துள்ளி எழும்பிக் கைதட்டினார்.

"பாத்தீங்களா எங்கட கறுப்ப! பழைய பாசம் விட்டுப் போகுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று அப்போது விளங்கவும் இல்லை.

கடைசி நிமிசத்தில் பச்சை ஒரு பெனால்டியை உதைத்தது. பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவால் போனது. முடிந்தது. மாப்பிள்ளை சாய்ந்து இருந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னன்தானே? இவங்கட காலம் முடிஞ்சிது. எங்கட பச்சைதான் இனி," என்றார்.

'எங்கட' என்ற அந்தச் சொல் எங்கள் முன்அறையில் ஒரே மேட்சுக்குள் இரண்டு தரம் வீடு மாறியது. போஸுக்காக மாறியதையும் சேர்த்தால் மூன்று.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ பெரிய சந்தோசம். "ரெண்டு பேருக்கும் ஒரே விருப்பம்! இதுக்கு மேல என்ன பொருத்தம் மகள்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்கள். அவரும் நல்லவர்தான். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. போகும்போது அப்பாவின் செருப்பை மிதித்துவிட்டு, குனிந்து எடுத்து நேராக வைத்துவிட்டுப் போனார்.

வாகனம் ஒழுங்கை திரும்பும்வரை கை காட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, திரும்பினார். "என்ன கா? ஓம் எண்டு சொல்லட்டா?"

என்ன சொல்வது? ரக்பி டீம் மாறியதற்காக ஒரு இஞ்சினியரை வேண்டாம் என்றவள் என்று ஊர் சிரிக்காதா? பிழைக்கத் தெரிந்த ஆள். போஸ் மாறினால் டீம் மாறுவது அங்கே கெட்டித்தனம். விளையாட்டை விளையாட்டாக எடுக்கத் தெரியாதவள் நான்தானோ? முன்அறையில் நடந்தேன். முற்றத்தில் நடந்தேன். கடைசியில் சொன்னேன்.

"அவர் மூண்டு தரம் பக்கம் மாறினவர், பெரியம்மா."

பெரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை.

"நானும் பாத்தன்," என்றார் அப்பா. "ஆள் எந்தக் கயித்தைப் பிடிக்கிறாரெண்டு எனக்கு விளங்கவேயில்ல."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் கொம்பு விளையாட்டு என்று ஒன்று உண்டு. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து இழுக்கும். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். பக்கங்களுக்குப் பெயர் வடசேரி, தென்சேரி. எது உங்கள் சேரி என்பது பிறப்போடு வருவது. அப்பா வடசேரி. அம்மா தென்சேரி. வென்றவர்கள் தோற்றவர்களின் வாசலுக்கு வந்து வசை பாடுவார்கள். ஊரோடு உரிமையுள்ள வசை.

"கலியாணம் முடிச்ச வருசம் எங்கட கொம்புதான் முறிஞ்சிது," என்றார் அம்மா. "இந்த மனிசன் என்ன செஞ்சார் தெரியுமா? காலையில எங்கட வீட்டுச் சோத்தைத் திண்டுபோட்டு, பின்னேரம் அதே வீட்டு வாசல்ல முன்னுக்கு நிண்டு பாடினார்!"

"எனக்குத்தானே குரல் நல்லம்," என்றார் அப்பா.

"மறுகா நீங்க கோவிக்கலயாம்மா?"

"கோவிக்காம? ரெண்டு நாள் சோறு போடல்ல. ஆனா ஒண்டு சொல்லுறன். எனக்குப் பயந்து பாடாம, மெல்ல வந்து எங்கட பக்கம் நிண்டிருந்தாரெண்டு வை..." அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "அப்பதான் பயந்திருப்பன்."

பெரியம்மா கடைசி முயற்சி செய்தார். "வயசு போகுது கா. நான் அவங்களுக்கு என்ன காரணத்தைச் சொல்லுற?"

"சேரி சரிவரல்ல எண்டு சொல்லுங்க அக்கா," என்றார் அம்மா.

அப்படித்தான் முடிந்தது. வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பெரியம்மா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மனம் அமைதியாக இருக்கிறதா? இல்லை. ஒரு கேள்வி இன்னும் குடைகிறது. நானும் அந்த டிவி அறையில் வெல்கிற பக்கம் எது என்று கேட்டுவிட்டுத்தானே சேர்ந்தேன்? அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? யோசித்துப் பார்த்தால்... சேர்ந்த காரணம் எப்போதோ போய்விட்டது. நான் இன்னும் போகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அது ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போதுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கொடிக் கயிற்றில் என் கறுப்புச் சட்டை காய்கிறது. வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. வேறு நிறம் வாங்க மனம் வரவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் மேட்ச். அப்பா அன்றைக்கு வயலுக்குப் போகப்போவதில்லையாம்.

"இந்தமுறையும் தோப்பாங்களா புள்ள?"

"தோப்பாங்க போலதான் கிடக்கு அப்பா."

"சரி. நேரத்துக்கு டிவியப் போடு."