அரிசியைப் புளியாக்கிய கதை

போன வாரம் சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் பெற்றோர் கூட்டம். அங்கே இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

வாசகர் தேடி வந்தால் எழுதுகிறவளுக்கு என்ன ஆகும்? உச்சி குளிரும். எனக்கும் குளிர்ந்தது... கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் எழுதுவதில் சிரிப்பாக எது அகப்பட்டாலும் அது இந்தப் பத்திக்கு வந்துவிடும் என்பதும் தெரியும். கல்லூரி சம்பளம் தருகிறது, அசைன்மெண்ட் கட்டு கிம்பளம் தருகிறது என்று நானே ஒருமுறை பெருமையாக எழுதியிருக்கிறேன். வெட்கங்கெட்ட பெருமை!

எல்லாம் ஒரு தைரியம்தான். என் மாணவர்கள் மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்கள். தமிழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே அவர்களைப் பற்றி நான் தமிழில் என்ன எழுதினாலும் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். கண் சரி. காதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

சில வாரங்களுக்கு முன் புளி வியாபாரி ஒருவரைப் பற்றி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? முதலாண்டு வகுப்புக்கு ‘நான் வியக்கும் மாமனிதர்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். வகுப்பு முழுக்க ஒரே விஞ்ஞானியை வியந்திருந்தது. எல்லாத் தாளிலும் மனிதர் ஒரே வாக்கியத்தில் பிறந்து ஒரே வாக்கியத்தில் இறந்துபோயிருந்தார் — உபயம், கையில் இருக்கும் போன். நடுவில் ஒரே ஒரு கட்டுரை வேறு மாதிரி. அதை எழுதிய பையனுக்கு மாமனிதர் அவனுடைய அப்பாதான். கொல்லம் சந்தையில் புளி மொத்த வியாபாரி. வருகிற மூட்டையிலெல்லாம் ஒரு சுளை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் பசியில்லை என்று சோற்றை ஒதுக்கிவிட்டுக் கஞ்சி குடிக்கிறார்.

விடுவேனா நான்? ‘நாள் முழுக்கப் புளி தின்கிறவருக்குப் பசி எங்கிருந்து வரும்? வயிற்றுக்குள் ரசம் கொதித்துக்கொண்டிருக்குமே’ என்று ஆரம்பித்து, ஒரு பக்கத்துக்குப் பிடி பிடியென்று பிடித்தேன். வாட்ஸ்அப்பில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வந்து குவிந்தன. எனக்குத் தலை கால் புரியவில்லை.

நிஜத்தில் கொல்லமும் கிடையாது, புளியும் கிடையாது, பையனும் கிடையாது. ஆளை மாற்றி, ஊரை மாற்றி, சரக்கை மாற்றி எழுதுவது என் வழக்கம். யார் மனமும் நோகக் கூடாதே! இதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். வந்தவர் வெள்ளைச் சட்டை, வேட்டி. கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கைமுடியில் மாவுத்தூசி படிந்திருந்தது. அண்ணாச்சி என்று கூப்பிடத் தோன்றும் முகம். பக்கத்தில் அவருடைய மகள் கோமதி, என் முதலாண்டு மாணவி. இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

மகளுடைய மார்க்கைப் பற்றி அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பத்தியைப் பற்றியே பேசினார். பத்தியோடு வரும் போட்டோவில் நான் இன்னும் இளமையாக இருப்பதாகவும் சொன்னார். சரிதான், அது பழைய போட்டோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்ததும் பத்திரிகையை எடுத்து இந்தப் பத்தியை உரக்க வாசிப்பாராம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாமல் போய்விட்டது, காதிலாவது விழட்டுமே என்று.

அடடா, இப்படி ஒரு வாசகரா! எனக்கு ஒரு முழம் உயரம் கூடிவிட்டது.

“அந்தப் புளி யாவாரி கதை இருக்குல்லா டீச்சர்... சிரிச்சு மறிஞ்சுட்டோம்” என்றார் அண்ணாச்சி. “வாசிக்கேன், சிரிப்பு வந்து வாசிக்க முடியல. இவ மட்டும் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டா. தலைவலின்னா.”

கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் எல்லாருக்கும் டீயும் பருப்புவடையும் கொடுத்தார்கள். அண்ணாச்சி டீயை மட்டும் குடித்தார். வடையை மகளிடம் நீட்டி, தனக்குப் பசியில்லை என்றார். பேச்சுவாக்கில் நான் அவர் என்ன வியாபாரம் செய்கிறார் என்று கேட்டேன். ஆசிரியையாக இருந்தும் அதுவரை எனக்குத் தெரியாது, பாருங்கள்.

“சாலைச் சந்தையில அரிசிக் கடை, டீச்சர்.”

அரிசி.

அந்தக் கட்டுரையில் இருந்ததும் அரிசிதானே? நான்தானே அதைப் புளியாக்கினேன்? யார் எழுதியது என்று அப்போது நான் பார்க்கவில்லை. சிரிப்புக்கு ஆகுமா என்று மட்டும் பார்த்தேன். மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். கோமதியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். வேண்டாம், சொல்லாதீர்கள் என்கிற அசைப்பு.

அண்ணாச்சி நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“என்னதான் சொல்லுங்க, அந்தப் புளி யாவாரி குடுத்து வச்ச ஆளு. நம்மளப் பத்தியெல்லாம் யாரு எழுதப் போறா?”

நான் என்ன சொன்னேன்? ஆமாம் ஆமாம் என்று பல்லைக் காட்டினேன். ஊரிலிருக்கும் அத்தனை பேரையும் எழுத்தில் வெளுத்து வாங்குகிறவளுக்கு, எதிரே நிற்கும் ஒரு மனிதரிடம் உண்மை பேச வாய் வரவில்லை. அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக கோமதியின் தாள்களைத் தேடி எடுத்தேன். மாமனிதர் கட்டுரைக்கு நான் போட்டிருந்தது பத்துக்கு நாலு. என் பத்தி வெளிவந்த பிறகு அவள் எழுதிய கட்டுரைகளையும் வாசித்தேன். ஒரு பிழை கிடையாது. எல்லாம் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய பத்திகள், எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் தந்திருக்கக்கூடியவை. அவற்றுக்கு எட்டு மார்க் போட்டு, பக்கத்தில் ‘குட், இம்ப்ரூவ்ட்’ என்றும் எழுதியிருக்கிறேன். அவள் எழுதுவதையே விட்டுவிட்டாள். நான் அதைப் பாராட்டியிருக்கிறேன். அந்த எட்டைப் பார்த்தபோது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டேன் — முதலில் இங்கிலீஷில். சாரி என்று சொல்வது எவ்வளவு சுலபம்! நாக்கு நோகாது. பிறகு தமிழில் கேட்டேன். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

“குழப்பமில்ல, டீச்சர்” என்றாள். மலையாளத்தில் அப்படிச் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தம். பேச்சை இத்தோடு விடுங்கள் என்றும் அர்த்தம்.

நான் விடவில்லை. அப்பாவைப் பற்றி ஏன் என்னிடம் எழுதிக்கொடுத்தாய் என்று கேட்டேன்.

“மலையாளம் அப்பாவுக்குக் கடையில பேசிப் பேசி நல்லா அறியும். தமிழ் வீட்டுல எல்லாருக்கும் அறியும். இங்கிலீஷ் மட்டுந்தான் அப்பாவுக்குத் தெரியாது. அதுல எழுதினா வீட்டுக்கு வராதுன்னு விசாரிச்சேன், டீச்சர்.”

விசாரிச்சேன் என்றால் இங்கே நினைத்தேன் என்று பொருள். தமிழில் எழுதினால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நான் நினைத்தேன். இங்கிலீஷில் எழுதினால் அப்பாவுக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள். அவள் நினைத்தது சரியாகவே இருந்தது. நடுவில் நான் ஒருத்தி புகுந்து, அவள் ஒளித்து வைத்ததை எடுத்துத் தமிழாக்கி, அவளுடைய அப்பாவின் வாயாலேயே அவள் இலைக்கு முன்னால் வாசிக்க வைத்துவிட்டேன். அதுவும் அவர் சிரிக்கும்படியாக.

இனி மாணவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் எழுத மாட்டேன் என்றேன். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா என்றேன். அப்பா அதையும் உரக்க வாசிப்பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நியாயம்தானே? பாவத்தைப் பத்தியில் செய்துவிட்டுப் பரிகாரத்தையும் பத்தியிலேயே செய்து, அதற்கும் கைதட்டல் வாங்கப் பார்த்தால்? எழுதுகிறவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். இந்த வாரம் வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடலாம் என்றிருந்தேன்.

மறுநாள் அவளாகவே வந்தாள். ராத்திரியெல்லாம் யோசித்தாளாம்.

“எழுதுங்க, டீச்சர். ஆனா புளின்னு எழுத வேண்டாம். அரிசின்னே எழுதுங்க, எம்பேரும் போடுங்க” என்றாள். “நான் டாக்டர்ட்ட போகச் சொன்னா அப்பா கேக்க மாட்டாங்க. நீங்க எழுதினா கேப்பாங்க.”

இதுவரை நீங்கள் வாசித்ததை வியாழக்கிழமை அவளுக்கு நான் உரக்க வாசித்துக் காட்டினேன். அவளுக்குத்தான் தமிழ் எழுத்துத் தெரியாதே. கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னாள். அந்தக் கட்டுரை முதல் வாசிப்பிலேயே என் மனதைத் தொட்டது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன்.

“அது வேண்டாம், டீச்சர். தொடலயல்லோ.”

எடுத்துவிட்டேன். கட்டுரை எழுதுவதைப் பற்றி இத்தனை வருஷமாக நான் வகுப்பில் பேசியது எதுவும் அந்த ஒரு திருத்தத்துக்குப் பக்கத்தில் வராது. காதெல்லாம் சுட்டது எனக்கு.

அண்ணாச்சி, இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை நீங்கள் உரக்க வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் சிரித்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. சிரிக்கும்படி எழுதியவள் நான். எல்லார் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் கொஞ்சம்தான், நிறுத்திவிடாதீர்கள். கீழே இருப்பது என்னுடையது இல்லை. உங்கள் மகள் இங்கிலீஷில் எழுதியது, தமிழாக்கியது மட்டும் நான். இந்தத் தடவை ஆளையும் மாற்றவில்லை, சரக்கையும் மாற்றவில்லை.

‘என் அப்பா சாலைச் சந்தையில் அரிசி விற்கிறார். மூட்டை வந்தால் குத்தூசியால் கொஞ்சம் அரிசியை உருவி எடுத்துக் கடித்துப் பார்ப்பார். பழையதா புதியதா, ஈரம் இருக்கிறதா என்று அவருக்குக் கடித்தால்தான் தெரியும். கடித்துக் கடித்து ஒரு பக்கத்துப் பற்கள் போய்விட்டன. மறுபக்கம் வலிக்கிறது. இரவில் நாங்கள் சோறு சாப்பிடும்போது அவர் கஞ்சி குடிப்பார். பசியில்லை என்பார். அம்மா அதை நம்புகிறார். முன்பு நானும் நம்பினேன். ஒருநாள் கடைக்குப் போனபோது அப்பா மூட்டைகளுக்குப் பின்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். எல்லார் வீட்டுக்கும் அரிசி கொடுக்கிறவருக்குச் சோறு மெல்ல முடியவில்லை. அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அதனால் நானும் சொன்னதில்லை. டீச்சர் மட்டும்தான் வாசிப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று மார்க் போட்டபோது சிவப்பு மையால் அடித்து, ‘தேவையில்லை’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.