பன்றிமுடி பிரஷ்ஷும் என் மாப்பிள்ளையின் தாடையும்

என் மாப்பிள்ளைக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் ஐஸ். குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் மட்டும் இல்லை. இத்தனை வருஷம் அந்தக் குளிருக்குள் இருந்தும் ஒரு மேலதிகாரிக்குக்கூட ஐஸ் வைக்கத் தெரியாத மனிதர் என்பதால். பேச்சு குறைவு. முதல்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சமையல் எப்படி இருக்கிறது என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். "உப்பு ஜாஸ்தி" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. என் மகளுக்குத்தான் பிடிக்கவில்லை, ஏனென்றால் சமைத்தது அவள்.

அந்தக் கிடங்கில் குளிரை உண்டாக்குவது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் கண்ணையும் மூச்சையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். போன வருஷம் ஒரு வால்வு பிய்த்துக்கொள்ள, அம்மோனியா திரவமாகவே மாப்பிள்ளையின் இடது தாடையில் பீய்ச்சி அடித்தது. பின்னால் சாய்ந்து விழுந்ததில் தோளும் போயிற்று. தோல் ஆறியது. ஆறின இடம் கசங்கின பிளாஸ்டிக் தாள் மாதிரி பளபளவென்று நின்றது. அதை மறைக்கத் தாடி வளர்த்தார். தழும்பில் முடி முளைக்காது, அதைச் சுற்றி முளைத்தது ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்தது. பார்க்க நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தொடாதவரை வீட்டில் அமைதி இருந்தது.

அந்த அமைதிக்கு உலைவைக்கப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். மெஷின் ரூமில் நிற்கிறவன் வாயு முகமூடி போட்டால் அது வெறும் தோலில் ஒட்டி உட்கார வேண்டும், இடையில் தாடி இருந்தால் வாயு உள்ளே போகும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். திங்கட்கிழமை பரிசோதனை. தேறாதவர்கள் மூட்டை ஏற்றும் பக்கம் போக வேண்டும். தோளுக்கு மேல் கை தூக்க முடியாத மனிதர் எந்த மூட்டையை ஏற்றுவார்? மூட்டைப் பக்கம் என்றால் வீட்டுப் பக்கம் என்றுதான் அர்த்தம்.

வியாழக்கிழமை வந்து எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் ரேஸரை வெறும் முகத்தில் இழுத்திருக்கிறார். துண்டு முழுக்க ரத்தத்தோடு வெளியே வந்தார். டப்பாவில் வரும் நுரையைப் போட்டுப் பார்த்தால் தழும்பு தீயாக எரிகிறது என்றார். முகத்தில் புண் இருந்தாலும் பரிசோதனைக்குச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

தெருமுனை சலூன்காரரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமைக்கு நான் செய்துவிடுவேன், ஆனால் தினமும் விடியுமுன் ஷிப்டுக்குப் போகிறவருக்கு யார் கடையைத் திறந்துவைப்பார்கள் என்று கேட்டார். முடி படுத்துக் கிடக்கிறது, அதை நனைத்து எழுப்பி நிறுத்த வேண்டும், கையால் ஆகாது, பிரஷ் வேண்டும் என்றார். விலை கூடியதெல்லாம் வேண்டாம், பன்றிமுடி போதும், ஆனால் பழக்கித்தான் முகத்தில் வைக்க வேண்டும். "புது மருமக மாதிரிங்க. முதல் வாரம் கொஞ்சம் குத்தும்" என்றார். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிற பேச்சா அது. இருந்தாலும் வேலை தெரிந்தவர், மன்னித்துவிட்டேன்.

கடையில் இருந்ததிலேயே மலிவானதை வாங்கினோம். மரப்பிடி, காய்ந்த புல் நிறத்தில் முடி, கிட்டப் போனால் பன்றி நாற்றம். மாப்பிள்ளை அதைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் போட்டார்.

"அத்தை, இது முகத்துக்கா, தரைக்கா?"

என் மகளுக்கு அவசரம். குழந்தையின் பால் புட்டியைக் கொதிக்கவைத்துப் பழகிய கை. பிரஷ்ஷையும் அதே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டாள். மெதுவாகும், நாற்றமும் போகும் என்று நினைத்திருக்கிறாள். நாற்றம் போகவில்லை, வீடு முழுக்கப் பரவியது. முடியைப் பிடித்திருந்த பசை இளகி, கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் மிதந்தது. பிடி மட்டும் மொட்டையாக நின்றது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் எங்களுக்குப் பயம் குறைந்திருக்கும்.

இரண்டாவது பிரஷ்ஷை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் முடி மட்டும் நனைகிற அளவுக்கு ஊறவைத்தேன். சோப்பில் சுற்றி, உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்தேன். முதலில் நுரையே வரவில்லை, வந்ததையும் பிரஷ் குடித்துவிட்டது. விடாமல் தேய்த்து, நுரையோடு கொஞ்ச நேரம் விட்டு, அலசி, உதறி, முடி கீழே பார்க்கும்படி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். நன்றாகக் காய்ந்தபிறகு மறுபடியும் அதே வேலை. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறிப் பட்டால்தான் நுனி வெடித்துப் பஞ்சாகும் என்று சலூன்காரர் சொல்லியிருந்தார். நடுநடுவே என் முன்கையில் தேய்த்துப் பார்த்தேன், பிறகு என் மோவாயிலும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, என்ன பாட்டி, மீசை எடுக்கப் போகிறீர்களா என்றாள். இருந்தால் உனக்கும் பாதி தருகிறேன் என்றேன். சிரிக்கத்தான் சிரித்தோம். சிரித்து முடிக்குமுன் பிரஷ்ஷை மறுபடி தண்ணீரில் முக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரஷ் மோவாயில் குத்தாமல் வழுக்கியது. நாற்றமும் மூக்கை வைத்து முகர்ந்தால்தான் தெரிந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். கண்ணாடி முன்னால் வந்து நின்றார். பிரஷ்ஷை வாங்கவில்லை. நான் நீட்டிக்கொண்டே நிற்கிறேன். மகள் வாசற்படியில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடிக்கிறாள். முடியாது என்றார். மெதுவாகிவிட்டது, தொட்டுத்தான் பாருங்கள் என்றேன்.

"பிரஷ்ஷுல ஒண்ணும் இல்ல அத்தை. அந்த இடத்துல ஈரம் பட்டா அன்னிக்கு அடிச்ச மாதிரியே இருக்கு. துண்டுகூட நான் ஒத்தித்தான் எடுக்கறேன். இவளைக்கூட தொட விட்டதில்ல."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எங்களுக்கு இது தெரியவில்லை. மகள் நகம் கடிப்பதை நிறுத்தினாள். நான் தேய்த்துவிடட்டுமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இன்று நான் செய்தால் நாளை விடியற்காலையும் நான்தான் நிற்க வேண்டும்.

"நல்ல பக்கத்துல ஆரம்பிங்க மாப்பிள்ளை. அந்தப் பக்கம் எப்ப போகணும்னு உங்களுக்கே தெரியும். நான் இங்கேயேதான் நிப்பேன், போகமாட்டேன்."

வலது கன்னத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். நுரை எழும்பியது. மோவாய்க்கு வந்தார். அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். நுரை காயத் தொடங்க, மறுபடி பிரஷ்ஷை நனைத்து மறுபடி வலது கன்னத்துக்கே போனார். எனக்குக் கால் வலித்தது. உட்கார்ந்தால் அவரும் விட்டுவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பிரஷ்ஷைத் தாடையின் அடிவழியாக இடப்பக்கம் தள்ளினார். மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் கேட்டது. கை நிற்கவில்லை.

அன்று நுரைமேல் ரேஸரை ஓட்டியது ஒத்திகை. திங்கட்கிழமை விடியற்காலை அதேபோல இன்னொருமுறை. தாடை மழமழவென்று வந்துவிட்டது. கிளம்பும்போது மகள் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கிட்டப் போனாள். பரிசோதனை எப்படி என்று அவர் சொல்லியிருந்தார். முகமூடியைப் போட்டு, தலைக்கு மேல் பை மாதிரி ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். வாயில் கசந்தால் முகமூடி ஒழுகுகிறது. கசப்பது போட்டவன் நாக்குக்கு மட்டும்தான் தெரியும்.

"கசந்தாலும் கசக்கலன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது" என்றாள்.

அவர் படியிறங்கிப் போனார். நான் அவளை வைதேன். பொய் பரிசோதனையில் காப்பாற்றும், அம்மோனியாவிடம் காப்பாற்றுமா? அவள் அழுதாள், நீயா குடும்பம் நடத்துகிறாய் என்று திருப்பிக் கேட்டாள். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை சாயங்காலம் வந்தார். கை கால் கழுவினார். தட்டின் முன் உட்கார்ந்தார். மகள் பரிமாறாமல் கரண்டியோடு நின்றாள்.

"கசந்துச்சா?"

"கசந்துச்சு."

"என்ன சொன்னீங்க?"

"கசக்குதுன்னு சொன்னேன்."

கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டு அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் அவர் மீதியைச் சொல்ல அவசரப்படவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

அதிகாரி முகமூடியைக் கழற்றச் சொல்லி, விளக்கைத் தாடையில் அடித்துப் பார்த்திருக்கிறார். தழும்பின் மேல், முகமூடி விளிம்பு உட்காரும் இடத்தில், ஒரு முடி ஒட்டிக் கிடந்திருக்கிறது. சரியாகச் சவரம் செய்யவில்லையே என்று கேட்டிருக்கிறார். "அது என்னோடது இல்ல சார், பன்னியோடது" என்று இவர் சொல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். புது பிரஷ் கொஞ்ச நாள் முடி உதிர்க்கும். மற்ற பக்கத்தில் ஒட்டியதெல்லாம் துண்டோடு போயிற்று. இந்த இடத்தைத்தான் இவர் துடைக்காமல் ஒத்தி விட்டிருந்தாரே.

சரி, நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு வா, இன்னும் ஒரு தடவைதான் என்றாராம் அதிகாரி. துண்டு இல்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க வெறும் கையை வைத்துத் தழும்பை அழுத்தித் தேய்த்திருக்கிறார். எரிந்ததா என்று கேட்டேன். எரியவில்லை என்றார். மறுபடி முகமூடி, மறுபடி பை, மறுபடி மருந்து. தலையைத் திருப்பு, குனி, நிமிர், பேசு என்று எல்லாம் செய்யவைத்துவிட்டு, கசக்கிறதா என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் அடிங்க சாருன்னு சொன்னேன்" என்றார். "அடிச்சாரு. ஒண்ணும் தெரியல."

மகள் சுவரோரம் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தாள். அப்ப வேலை என்று இழுத்தாள்.

"நாளைக்குக் காலை ஷிப்டு. சோத்தைப் போடு."

அவள் எழுந்து வந்தாள். சோறு போடுவதற்கு முன்னால் கையை நீட்டி அந்தத் தாடையைத் தொட்டாள். அவர் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்கு அங்கே வேலை இல்லை என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.