ஏரிக்குப் போகும் வழியில் மூன்று ஆடுகள்

பிஷ்கெக் பேருந்து நிலையத்து விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் புருல் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஈசிக்-குல் ஏரிக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் வண்டி நேரம் கேட்க வருவார்கள். நேரம் ஒன்று கேட்டால் யோசனை பத்து கிடைக்கும்.

“வலப்பக்கச் சன்னலாப் பாத்து உக்காருங்க. இடப்பக்கம் உக்காந்தா பாலிக்சி தாண்டினதும் வெறும் மலையத்தான் பாக்கணும். ஜூலைதானேன்னு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போகாதீங்க, சாயந்திரம் கரையில பல்லு தந்தியடிக்கும். பகல்ல மூக்குல களிம்பு தடவிக்கோங்க, இல்லாட்டி மூணாம் நாள் தோலை உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. ஆப்ரிகாட்டை வாளியோட வாங்காதீங்க, கொட்டிப் பாத்து வாங்குங்க. மேல இருக்கறது பழம், கீழ இருக்கறது கூழ்.”

இவ்வளவு தெரிந்த புருல் ஒருமுறைகூட அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை. சொன்ன அத்தனையும் திரும்பி வந்தவர்களின் புகார்களிலிருந்து சேர்த்தவை. ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் அவள் கணவனின் அண்ணன் வீடு இருக்கிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போயிருக்கிறாள். இளைய மருமகள் அல்லவா, போனால் சமையலறைதான். தேநீர் ஊற்றிக்கொண்டே சன்னல் வழியாக நீலமாக ஒரு கோட்டைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கோடு அவள் நெஞ்சுக்குள் இருபத்திரண்டு வருடமாகக் கிடந்தது. யாருக்கும் தெரியாது. நான் பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்குத் தெரியும்.

இந்தக் கோடையில் தொழிற்சங்கம் அவளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்தது. ஏரியின் வடகரையில் ஓர் ஓய்வு இல்லம், இரண்டு கட்டில் அறை, ஒரு வாரம். திங்கள்கிழமை முதல் தங்கலாம். புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் வந்து சேராவிட்டால் அறை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. புருல் சிரித்துக்கொண்டாள். நான்கு மணி நேரப் பயணத்துக்கு இரண்டரை நாளா?

அவளுடைய கணவன் எசென்பெக் நல்லவன். துயரம் அங்கேதான் தொடங்கியது.

புறப்படுகிற அன்று காலையில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னான்: “தோக்மோக்ல நம்ம ஜோல்டோஷுக்கு ஒரு போன் போட்டுட்டேன்.”

“எதுக்குங்க?”

“சித்தப்பா பையன் ஆச்சே. அவன் ஊர் வழியாப் போறோம், இறங்க நேரமில்ல, தப்பா எடுத்துக்காதடான்னு பக்குவமாச் சொல்லிட்டேன்.”

புருல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “சொல்லாமப் போயிருந்தா எப்பவாவது தெரிஞ்சு எப்பவாவது திட்டியிருப்பான். இப்படிச் சொல்லிட்டீங்களே!”

“அவனும் சரிண்ணேன்னுதான் சொன்னான்.”

ஜோல்டோஷ் சொன்ன ‘சரி’ தோக்மோக் நெடுஞ்சாலையின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. சிற்றுந்து நின்றது. ஓட்டுநர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவனே இறங்கி அவர்கள் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். அவனுக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்தானே.

“தம்பி, புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள நாங்க அங்க இருக்கணும்” என்றாள் புருல்.

“இன்னிக்குத் திங்கள்தானே அண்ணி? ஏரி என்ன எழுந்து ஓடியா போயிடும்?”

முற்றத்தில் ஆடு தயாராக நின்றது. எங்கள் வழக்கத்தில் ஆட்டை அறுக்குமுன் விருந்தாளியின் எதிரில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். விருந்தாளி உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். அந்த ஆசியைச் சொல்லிவிட்டால் கறி வெந்து, அவரவர் தகுதிக்கேற்ற எலும்பு அவரவர் தட்டுக்கு வந்து, கடைசிக் கிண்ணம் சாறு குடிக்கும்வரை எழுந்திருக்க முடியாது. எசென்பெக் கைகளை விரித்தான். புருலும் விரித்தாள். திங்கள்கிழமை முடிந்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜோல்டோஷின் மனைவி கெமின் ஊரிலிருக்கும் அத்தைக்குச் செய்தி சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவன் வீட்டு ஆட்டைத் தின்னுட்டு என் வாசலைத் தாண்டிப் போயிருந்தீங்கன்னா, என் சாவுக்கும் வராதீங்கன்னு எழுதி வச்சிருப்பேன்” என்றாள் அத்தை, அன்பாக.

“அத்தை, ஒரு வாய் டீ மட்டும் குடிச்சிட்டு...”

“டீயா? நான் என்ன பிச்சைக்காரியா? எசென், கையை விரி.”

எசென்பெக் விரித்தான். அன்றிரவு விருந்து மெத்தையில் படுத்துக்கொண்டு புருல் சத்தமில்லாமல் அழுதாள். வயிறு நிறையக் கறி, கண் நிறையத் தண்ணீர். குறட்டை விடும் கணவனைப் பார்த்தாள். இந்த மனிதனோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்தாயிற்று. ஒருவரிடமும் ‘மாட்டேன்’ என்று அவன் சொல்லிக் கேட்டதில்லை. தன்னிடம் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் யாரோ சொல்லித்தான் கேட்டானோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

புதன்கிழமை எட்டரை மணிக்குப் பாலிக்சி. அண்ணன் வீட்டு வாசலில் பன்னிரண்டு பேர், நடுவே ஆடு. கொழுத்த ஆடு, மூன்றிலும் பெரியது. தோக்மோக்கையும் கெமினையும் விடக் குறைவாகச் செய்தால் மூத்தவருக்கு மரியாதை என்னாவது?

அண்ணனின் மனைவி பாத்மாகான் அறுபது வயது, கனத்த உடம்பு, கனத்த குரல். “வாடி புருல்! எத்தனை வருஷமாச்சு! மெலிஞ்சு போயிட்டியே, உன்னை அங்கெல்லாம் யாரும் கவனிக்கலையா?”

ஆடு வந்து நின்றது. ஆண்கள் எல்லோரும் கைகளை விரித்தார்கள். எசென்பெக்கின் கைகள் பழக்கத்தில் தாமாகவே விரிந்தன. புருலின் இரண்டு கைகளும் கைப்பையைப் பிடித்தபடியே இருந்தன.

“கையை விரிடி” என்றாள் பாத்மாகான், மெதுவாக.

“மாட்டேன் அக்கா.”

முற்றத்திலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

“என்னடி சொன்ன?”

“பத்து மணிக்கு வடகரை வண்டி இருக்கு. அதை விட்டா அடுத்தது பன்னெண்டரைக்குத்தான் போய்ச் சேரும். எனக்கு மனப்பாடம் அக்கா. நான் ஆசி சொல்லல, அதனால நான் உக்கார வேண்டியதில்ல. உங்க தம்பி சொல்லிட்டாரு, அவர் உக்காரட்டும்.”

“புருல்!” என்றான் எசென்பெக். கைகள் இன்னும் விரிந்தே இருந்தன.

“தலைக்கறி உங்களுக்குத்தானே வைக்கப் போறாங்க? நல்லா சாப்பிடுங்க.”

சொந்தக்காரப் பெண் ஒருத்தி விருந்து வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு தனியாக வெளியேறியது அந்தத் தெருவில் அதுவே முதல் தடவை. பின்னால் யாரோ “பட்டணத்து வேலை, வேற என்ன” என்றார்கள். அவள் திரும்பவில்லை. திரும்பினால் கால்கள் சமையலறைக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஓய்வு இல்லத்தின் வரவேற்பு மேசைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டாக இருபது நிமிடம் இருந்தது. எதிரே பெஞ்சில் ஒரு பெண்மணி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் அடுத்தவள். புருலின் சீட்டில் முத்திரை விழுந்த சத்தம் கேட்டு அந்தப் பெண்மணி பெருமூச்சு விட்டாள். அவளுடைய சொந்தங்கள் எந்த ஊரோ, வழியில் யாரும் இல்லாத பாக்கியசாலி.

அறைக்கதவைத் திறந்து பெட்டியைப் போட்டாள். நீச்சலுடையை மாட்டினாள். கரைக்கூழாங்கல் காலில் குத்தியது. செருப்போடு இறங்குங்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் வெறுங்காலோடு ஓடினாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் மூச்சு நின்றது. நீச்சல் தெரியாது. கழுத்துவரை போய் நின்றுகொண்டாள். எதிரே தெற்குக்கரைப் பனிமலை. யாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டியதில்லை. அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஏரி வாங்கிக்கொண்டது.

நான்கு மணிக்கு மேட்டில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அன்று மூன்றாவது முறையாக அவள் தண்ணீரில் நின்றிருந்தாள். வேனிலிருந்து எசென்பெக் இறங்கினான், அண்ணன் இறங்கினார், தெருவே இறங்கியது. கடைசியில் மெத்தைத்துணியில் சுற்றிய அண்டாவோடு பாத்மாகான். விருந்தாளியின் பங்கு விருந்தாளிக்குப் போய்ச் சேராமல் விட்டால் அந்த வீட்டுக்குத்தானே அவமானம்? கரையில் விரிப்பு விரித்தார்கள், ரொட்டியைப் பிட்டார்கள்.

பாத்மாகான் தட்டை ஏந்தித் தண்ணீர் ஓரத்தில் நின்றாள். தட்டில் வால் கொழுப்போடு இடுப்பெலும்பு. மதிப்புள்ள பெண் விருந்தாளிக்கு உரியது.

“வெளிய வாடி!”

“வர மாட்டேன் அக்கா.”

“ஆறிப்போகுது!”

“நீங்க வாங்க.”

“எனக்கு என்ன பைத்தியமா? பாவாடையோடயா?”

புருல் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாத்மாகான் ஆண்களைத் திரும்பிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பங்கு கொடுக்காமல் வீடு திரும்ப முடியாது. “யா அல்லா” என்று முனகிவிட்டுத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பாவாடை சுற்றிலும் குடையாக மிதந்தது. மார்பளவுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். எதிரே பனிமலையைப் பார்த்தாள்.

“நாப்பது வருஷமா இது எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் கிடக்கு” என்றாள் கடைசியில். “கணுக்காலுக்கு மேல நனைச்சதில்லடி. எப்பப் பாத்தாலும் யாராவது விருந்தாளி.”

புருல் தட்டிலிருந்து ஒரு துண்டு கொழுப்பை எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

கரையிலிருந்து அண்ணன் குரல் வந்தது. “பாத்மாகான்! எல்லாரும் உக்காந்தாச்சு. டீ யாரு ஊத்துறது?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மென்றுகொண்டே சொன்னாள்: “கையிருக்கறவங்க ஊத்துங்க.”