ஏழு வாதுமை மரத் தோட்டத்துப் பாட்டில்

முகையூரில் லூர்துமேரி சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனால் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். வாயும் இரண்டு ஆளுக்கு ஓடும். புருஷனைக் குடி கொண்டுபோன பிறகு, ஒற்றை மகன் அன்புச்செல்வனை அந்தக் கையாலும் வாயாலும்தான் ஆளாக்கினாள். அவன் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்று, ஓட்டல் படிப்புக்காகப் பிரான்சுக்கே போய்விட்டான்.

முதல் வருஷ விடுமுறையில் திராட்சை பறிக்கப் போவதாகப் போனில் சொன்னபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கூலிக்குப் போவ வாணாம்னுதானடா உன்ன படிக்க வெச்சேன்?"

"இங்க கூடப் படிக்கிற பசங்க எல்லாம் போறாங்கம்மா. ரோன்னு ஒரு ஆறு, அது பக்கத்துல தோட்டம். மண்ணே தெரியாது, பூரா கூழாங்கல்லு. கிரெனாஷ்னு ஒரு திராட்சை. செடி இடுப்பு ஒசரந்தான், மல்லாட்டை மாதிரி குனிஞ்சிக்கினே பறிக்கணும்."

"கல்லுல என்னடா வெளையும்?"

"ஒயின் வெளையும்," என்று சிரித்தான்.

அந்தப் பழம் ஒயினாகி, ஊருக்கு வந்த யாரோ ஒருவர் பெட்டியில் ஏறி வந்தது. புதுச்சேரி ஓட்டலில் பரிமாறுகிற அவன் சிநேகிதன் கோகுலகிருஷ்ணன் கொண்டுவந்து கொடுத்தான். லேபிளில் ஏழு மரம் வரைந்திருந்தது. ஏழு வாதுமை மரத் தோட்டம் என்பது அந்த எஸ்டேட்டின் பெயராம்.

"பாட்டில படுக்க வெய்ம்மா. வெயிலு பட்டா கெட்டுடும்," என்றான் மகன் போனில். "கிறிஸ்மஸுக்கு வர்றேன், தொறக்கலாம். அப்பா குடிச்சதப் பாத்துட்டு நான் அதத் தொட மாட்டேன். நீ ஒரு வாய் குடிச்சிட்டு எப்டி இருக்குன்னு சொல்லு, போதும்."

கட்டிலுக்கடியில் கேப்பை மூட்டைமேல் அதைப் படுக்க வைத்தாள். மே மாதம் தகரக் கூரை கொதித்தபோது சாக்கை நனைத்து நனைத்துப் போர்த்தினாள். "என்னாக்கா, பாட்டிலுக்கு ஜொரமா?" என்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கேலி செய்தாள். செய்யட்டுமே. மகன் கை பட்ட பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான் புதிதாக இருந்தது.

செப்டம்பரில் மறுபடியும் பறிக்கப் போனான். அந்த வருஷம் அங்கே என்றுமில்லாத வெயில். கொடி வரிசையிலேயே சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. உடலைக் கொண்டுவர ஆகும் நாளையும் காகிதத்தையும் சொல்லி, அங்கேயே அடக்கம் செய்யவா என்று அங்கிருந்து போனில் கேட்டார்கள். சரி என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தன்னை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே தங்கள் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டது. கழுவ அவளுக்குக் கல்லறை இல்லை. கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றி, வருகிறவர்களுக்கு அவன் ஒயினை ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பதென்று முடிவு செய்தாள். முதல் வாய், அவன் கேட்டபடி அவளுடையது. திறக்க வகை தெரியாமல், ஸ்க்ரூ டிரைவரால் கார்க்கை உள்ளே தள்ளி டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.

துப்பிவிட்டாள்.

புளித்தது. துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது. அவள் அறிந்த ஒயின் கிறிஸ்மஸுக்கு ஊரில் சர்க்கரையைக் கொட்டிப் போடுவது. பாகு மாதிரி இனிக்கும். அப்படியென்றால் மே மாத வெயில் இதைக் கெடுத்துவிட்டது.

"பெத்ததையும் காப்பாத்தல, அது குடுத்ததையும் காப்பாத்தல," என்று தலையில் அடித்துக்கொண்டாள். கெட்டதை நாலு பேருக்குக் கொடுத்துப் பிள்ளைக்கு அவப்பெயர் வாங்கித் தரவா? பாத்திரம் கழுவுகிற இடத்தில் கவிழ்த்து ஊற்றினாள். வெறும் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போய்வந்தாள்.

ஒரு வாரம் கழித்து கோகுலகிருஷ்ணன் பார்க்க வந்தான். அவன் உட்காருமுன்பே தன் குற்றத்தைச் சொல்லி அழுதாள். அவன் பாட்டிலை எடுத்து முகர்ந்தான்.

"கெடலைம்மா," என்றான். "இது இப்டித்தான் இருக்கும். இந்தப் புளிப்புக்கும் தொவர்ப்புக்குந்தான் தேடி வந்து குடிக்கிறாங்க. நான் தெனம் ஊத்துறவன், அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"நான் கெடுக்கலியா?"

"நீங்க நல்லாத்தாம்மா வெச்சிருந்தீங்க."

நல்லாத்தான் வைத்திருந்தாள். வெயில் பாட்டிலை விட்டுவிட்டு அவனை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்ததை அவளே சாக்கடைக்குக் கொடுத்துவிட்டாள்.

கோகுலகிருஷ்ணன் போன பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அன்று கவிழ்த்தபோது கார்க் கழுத்தில் வந்து அடைத்திருக்க வேண்டும். அடியில் இரண்டு கரண்டி அளவு ஒயின் வண்டலோடு கிடந்தது. குச்சியால் கார்க்கை விலக்கி, உள்ளங்கையில் சாய்த்து வாயில் விட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு மாதிரியே புளித்தது, துவர்த்தது. இந்த முறை துப்பவில்லை.

"நல்லா இருக்குடா," என்றாள்.